காதால் படிக்கிற பையன்

‘கொக்கு’ என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதலாம். (எப்படியும் அடுத்த மாதம் பழைய பேப்பர்காரரிடம் கிலோக் கணக்கில் போகப்போகிற சரக்குதானே.)

என்ன எழுதினீர்கள்? முதலில் ஒற்றைக்கொம்பு. அப்புறம் க. அப்புறம் துணைக்கால். வாய் என்ன சொல்கிறது? முதலில் ‘க்’, அதன் பிறகுதான் ‘ஒ’. கண்ணுக்கு முதலில் வருவது நாக்குக்கு அப்புறம் வருகிறது. போதாததற்கு ஒரே ஒரு உயிர் ஒலி இரண்டாகப் பிளந்து, க-வுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் காவலுக்கு நிற்கிறது. ஔகாரம் இன்னும் மோசம். ‘கௌ’ என்பதில் வலது பக்கம் நிற்பது ள-வா, ள வேஷம் போட்டுக்கொண்ட வேறு ஆசாமியா என்று எழுத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் நாம் ஐந்து வயசில் ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பிரம்புக்குப் பயந்து விழுங்கிவிட்டு, விழுங்கியதையே மறந்துவிட்டோம்.

கம்ப்யூட்டருக்கே இது தகராறுதான். இன்று நம் ஃபோனில் இருக்கிற யூனிகோடு முறையில் ‘கெ’ என்ற எழுத்து உள்ளே சேமிக்கப்படுவது நாக்கு சொல்கிற வரிசையில், க முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது மட்டும் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. அப்படித் தூக்கி வைக்கத் தெரியாத சாஃப்ட்வேரில் கொம்பு தனியாக, ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக நிற்கும். எத்தனை கல்யாண ஃப்ளெக்ஸில் பார்த்திருக்கிறோம்! கம்ப்யூட்டர் தடுமாறினால் ‘ஃபான்ட் ப்ராப்ளம்’ என்கிறோம். எட்டு வயசுப் பையன் தடுமாறினால் ‘மக்கு’ என்கிறோம்.

இந்தத் தடுமாற்றம் சில குழந்தைகளுக்கு வயது ஏறியும் போவதில்லை. கண் நன்றாகத் தெரியும், காது கேட்கும், புத்தி சுறுசுறுப்பு. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவதில் மட்டும் மூளைக்குள் எங்கோ டிராஃபிக் ஜாம். டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். 1887-இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் டாக்டர் வைத்த பெயர். ‘தாரே ஜமீன் பர்’ (2007) வந்தபிறகு நம் ஊரில் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சொந்தப் பையனின் ரேங்க் கார்டைப் பார்த்து முதுகில் ஒன்று வைத்தவர்களும் உண்டு.

1896-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ப்ரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு பதினான்கு வயசுப் பையனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்ஸி. தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெஸி’ என்று எழுதினான். தப்பு என்று ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தான். அதே பையன் மூன்று இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் மளமளவென்று சரியாகப் பெருக்கினான். மார்கன் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அவனுடைய வாத்தியாரின் அபிப்பிராயம். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் படுசுட்டி என்றாராம். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு வாத்தியாருக்கு வியாதியும் தெரிந்திருக்கிறது, மருந்தும் தெரிந்திருக்கிறது. பாவம், ஒவ்வொரு பாடத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

ஆள் கிடைத்தது 1976-இல். ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கர், அச்சடித்த எழுத்தைப் பார்த்து உரக்க வாசிக்கும் இயந்திரத்தை அந்த ஜனவரியில் உலகத்துக்குக் காட்டினார். மேஜையை அடைத்துக்கொண்டிருந்தது. பார்வையற்றவர்களுக்காகச் செய்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் வாங்கினார். பார்வை உள்ளவர்களிலும் வாசிக்க முடியாதவர்கள் இருக்கிறார்களே என்று பிற்பாடு உறைத்து, 1990-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சாஃப்ட்வேர் ஆயிற்று. இன்றைக்கு அந்த மேஜை முழுக்க உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதில் நாம் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெரு முனையில் ஒரு இஸ்திரி வண்டி. அவருடைய பையன் ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். சாயங்காலம் துணி வாங்க, கொடுக்க அவன்தான் வருவான். நோட்டு, சீட்டு எதுவும் கிடையாது.

“பி நாலு சார். சட்டை ஏழு, பேன்ட் மூணு, அக்காவோட காட்டன் பொடவ ரெண்டு, அதுல ஒண்ணுக்குக் கஞ்சி. போன வாரம் பாக்கி இருவது ரூவா.”

மொத்தம் முப்பது வீடு. ஒரு கைக்குட்டை மாறாது. இவனைப் பற்றி அப்பா சொல்வது: “புக்கைத் தொறந்தா கொட்டாவி விடறான் சார். வாத்தியாரு கூப்ட்டு, எளுத்துக் கூட்டக்கூடத் தெரியல, எட்டாவதுக்குப் போயி என்ன பண்ணப் போறான்னு கேக்கறாரு. எனக்கே படிப்பு இல்ல, நான் என்னத்த சொல்றது? பெட்டி புடிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஒரு நாள் அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். சோழர் பாடம். ‘இராசராசன்’ என்ற சொல்லில் ‘இரா...’ வரை வந்தான். நின்றான். என் முகத்தைப் பார்த்தான். “இராமன்?” என்றான். முதல் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகத்தில் ஒப்பேற்றுவது. ஏழு வருஷமாக இப்படியே சமாளித்து வந்திருக்கிறான் என்றால் அதற்கு எத்தனை புத்தி வேண்டும், யோசியுங்கள்.

பக்கத்தை ஃபோனில் படம் பிடித்து, வாசி என்றேன். ஃபோன் வாசித்தது. ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரல்தான். பையன் இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறை, வாசிக்கிற வரியின் மேல் தானாகவே விரலை ஓட்டினான். அப்புறம் பாடத்தின் கடைசியில் இருந்த கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கூடவே புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றும் வந்தது.

“அவ்ளோ பெரிய கல்ல அவ்ளோ ஒயரத்துக்கு எப்டி சார் ஏத்துனாங்க?”

இந்தக் கேள்வி ஏழு வருஷமாக அவனுக்குள் எழாமல் போனதற்குக் காரணம், பாடமே உள்ளே போகவில்லை.

அடுத்து, பதிலைச் சொல்லு, அதுவே எழுதும் என்றேன். கீபோர்டில் மைக் படத்தை அழுத்தி, “ராஜராஜன் தஞ்சாவூர்ல பெரிய கோயில் கட்னாரு” என்றான். ஃபோன் அட்சரம் பிசகாமல் ‘கட்னாரு’ என்றே எழுதியது. எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் செய்தது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “புக்ல இப்டி வராது சார்” என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் குரலில், “இராசராசன் தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டினார்” என்றான். எழுத்துத் தமிழ் என்று ஒன்று இருப்பதும், அது எப்படி இருக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. யாரும் அவனிடம் அதைக் காதால் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இவனுக்கு டிஸ்லெக்ஸியாதான் என்று முத்திரை குத்த எனக்கு அருகதை இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும், பிறகு முறைப்படி சோதனை செய்யத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம். 2015-இல் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளில் டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்க ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. முதலில் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த முதல் பந்தியில் உட்காரவில்லை. இங்கிலீஷ் மீடியம் குழந்தைக்கு ‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்று ஃபைல் போடுகிறார்கள். தமிழ் மீடியம் குழந்தைக்கு இஸ்திரிப் பெட்டியைக் கொடுக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது என் மனைவி குறுக்கு விசாரணை செய்தாள். “மெஷின் படிக்கும், மெஷினே எழுதும்னா அப்புறம் இவன் எதுக்கு? இது காப்பியடிக்கிற மாதிரிதானே?”

வியாசர் மகாபாரதத்தை எழுதவில்லை. சொன்னார். எழுதியது விநாயகர். யாரும் வியாசரை ஃபெயில் போட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கதையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நடுவில் நிறுத்தக்கூடாது என்றார் பிள்ளையார். அர்த்தம் புரிந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்றார் வியாசர். இன்றைய ஃபோன் பிள்ளையாருக்கு முதல் நிபந்தனை தேவையே இல்லை, நாள் பூரா நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் காத்திருக்கும். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறது. அர்த்தம் பையனிடம்தான் இருக்கிறது. அதற்குத்தானே மார்க்?

திருவள்ளுவரும் நம் கட்சிதான். நாற்பதாவது அதிகாரம் கல்வி, நாற்பத்தொன்று கல்லாமை, நாற்பத்திரண்டு கேள்வி. காதால் கற்பதற்குத் தனி அதிகாரம், அதுவும் பக்கத்து ஸீட்டிலேயே.

கொஞ்சம் சீரியஸாகவே பார்ப்போம். 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வது என்பது ஒரு பெருக்கல் கணக்கு என்றார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறமையை, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமையால் பெருக்க வேண்டும். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இஸ்திரிக்காரர் மகனின் கணக்கில் இரண்டாவது எண் தொண்ணூறு, முதல் எண் ஒன்றோ இரண்டோ. வாத்தியார் விடையை மட்டும் பார்க்கிறார். சாஃப்ட்வேர் அந்த முதல் எண்ணைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கிறது.

கடன் என்று சொன்னது வேண்டுமென்றே. ஃபோன் வாசித்துக்கொண்டே இருந்தால் பையனுக்கு வாசிக்க வந்துவிடாது. அதற்கு ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டு, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் டீச்சர் வேண்டும். அது வருஷக்கணக்கான வேலை. அந்த வருஷங்களில் சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் வாசலில் காத்துக் கிடக்கக்கூடாதே என்றுதான் ஃபோன். நம் ஊரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பொறுமை வேலையைச் செய்துவருகிறது. சென்னையின் ஆவாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு ரீடர் ஆப் கொண்டுவந்தார்கள். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால், குழந்தை தடுக்கி நிற்கிற சொல்லுக்குக் குறிப்புக் கொடுத்துத் தூக்கிவிடும். நல்ல டீச்சர் செய்வதும் அதுதான். ஆனால் அது ஆங்கிலம் வாசிப்பதற்கு.

விற்பனைக்கு வருவதெல்லாம் வேலை செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். டிஸ்லெக்ஸியாவுக்கென்றே விசேஷ ஆங்கில ஃபான்ட்டுகள் வந்தன. எழுத்தின் அடிப்பக்கம் கனமாக, பாவாடை கட்டின மாதிரி இருக்கும். பரிசோதித்துப் பார்த்ததில் வாசிப்பு வேகம் கூடவில்லை. இடைவெளியில் பலன் இருக்கிறது. 2012-இல் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியில், எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடம் விட்டதுமே டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் வேகமாகவும் தப்புக் குறைவாகவும் வாசித்தார்கள். பைசா செலவில்லாத வைத்தியம். நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொண்டேன். புள்ளி பெரும்பாலும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அந்தக் காலத்தில் வாசிப்பு என்பதே ஊருக்கு நாலு பேர் செய்கிற வித்தை. அப்போது இந்தப் பையன் பிறந்திருந்தால் வெறும் ஞாபகசக்தியை வைத்தே பெரிய வித்வானாகியிருப்பான்.

சரி, பரீட்சை. நமக்கு எல்லாமே கடைசியில் அங்கேதானே போய் நிற்கிறது. 1995-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், மொழிப் பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சோதனை வேண்டும். சோதனைக்கு, இது சோம்பேறித்தனம் இல்லை என்று யாருக்காவது தோன்ற வேண்டும். சி.பி.எஸ்.இ. கம்ப்யூட்டரில் விடை எழுதவும் அனுமதிக்கிறது, இன்டர்நெட் மட்டும் கூடாது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது பிரிட்டனின் விதி. அங்கே இங்கிலீஷ் பரீட்சையில், வாசிக்கும் திறமையையே சோதிக்கிற பகுதி ஒன்று உண்டு. அதை மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் வாசித்துக் காட்டக்கூடாது. ஆனால் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டலாம்! முதலில் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. யோசித்தால் நியாயம்தான். மனிதர் வாசித்தால் குரலில் அர்த்தம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எங்கே நிறுத்துகிறார், எங்கே அழுத்துகிறார், எந்த வார்த்தைக்குப் புருவம் தூக்குகிறார், எல்லாமே துப்பு. இயந்திரத்துக்குப் புருவம் இல்லை. அது ஒலியை மட்டும் கொடுக்கிறது, அர்த்தத்தைப் பையன்தான் பிடிக்க வேண்டும். நான் ரேஷன் கடைக் குரல் என்று கேலி செய்தேனே, அந்தக் குறைதான் அங்கே தகுதி.

நம் ஊரில் நேர்மாறு. எழுதித்தர ஒரு ஆள் என்றால் உடனே புரிகிறது. ஃபோன், கம்ப்யூட்டர் என்றால் ‘பிட்டு’ ஞாபகம்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணின் பரீட்சை சமயத்தில் பட்ட பாட்டைச் சொன்னார். எழுத வந்தவர் நல்ல மனிதர்தான். ‘ஒளிச்சேர்க்கை’ என்று இவள் சொல்ல அவர் ‘ஒலிச்சேர்க்கை’ என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைப் பார்த்துத் திருத்தத் தெரியாது. அதனால்தானே அவர் வந்தார்! எழுதினதைத் திரும்ப வாசித்துக் காட்டும் இயந்திரமாக இருந்தால் கேட்டுத் திருத்தியிருப்பாள். அவள் காது ஒளியையும் ஒலியையும் குழப்பிக்கொள்ளாது.

ஆகவே பள்ளிக்கல்வித் துறைப் பெரியவர்கள் யாராவது சலூனில் காத்திருக்கும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டினால் அவர்கள் காதில் ஒரு விண்ணப்பம். இன்டர்நெட் இல்லாத, பூட்டுப் போட்ட, தமிழ் வாசிக்கவும் சொன்னதை எழுதவும் தெரிந்த லேப்டாப் ஒன்றை ஒவ்வொரு தேர்வு மையத்திலும் வைக்கலாம். தேர்வு அன்று மட்டும் போதாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அதோடு பழக வேண்டும். திடீரென்று பரீட்சை ஹாலில் கொண்டுவந்து வைத்தால் பையன் அதன் முகத்தையும் அது பையன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

தமிழ் தெரிந்த என்றேன். அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸியிலும் தமிழ் பேசும் சாஃப்ட்வேருக்காக வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழி எழுத்தில் தமிழைச் சேர்த்தது. சிக்கல் நம் மொழியின் செழுமையில்தான். ஒரே ‘க’, ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி, ‘முக’த்தில் ஒரு மாதிரி. அடுத்த சொல்லை ஊகித்துக் கொடுக்கும் வசதி ஆங்கிலத்தில் ஜோராக ஓடுகிறது. தமிழில் ‘வந்து’ என்று தட்டினால் பின்னால் ‘கொண்டிருந்தவர்களிடமிருந்தெல்லாம்’ என்று ஒரு கூட்ஸ் வண்டியே வரக்கூடும், எந்தப் பெட்டியை ஊகிப்பது? ‘போய்ட்டு வந்துர்றேன்’ என்று குழந்தை சொன்னால் அதை எழுத்துத் தமிழாக மாற்றித்தரலாமா, மாற்றினால் அது உதவியா, பதில் சொல்லிக்கொடுத்த மாதிரியா? இதையெல்லாம் தமிழ் வாத்தியார்களும் எஞ்சினீயர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸுக்குள் அக்ஸஸிபிலிட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ‘செலக்ட் டு ஸ்பீக்’. திரையில் எதைத் தொட்டாலும் வாசிக்கும். குரல் மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பக்கத்துக்கு கூகுள் லென்ஸ். எழுத, கீபோர்டின் மைக். எல்லாமே இலவசம். குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் மறக்காமல் வேகத்தைக் குறையுங்கள். ஃபோனோடு வருகிற வேகத்தில் சோழர் பாடம் கடைசி ஓவர் கமென்ட்ரி மாதிரி இருக்கிறது.